கூப்பன் அரிசியும் கோட்புலியார் நெற்கூடும்

சைவப் பாடசாலைகளிலே நாவலர் பெருமானுடைய பெரியபுராண வசனத்தைக் கற்பிக்கும் ஆசிரியர்கள் கோட்புலி நாயனார் புராணம் வந்தவுடன் சற்றே தயங்குவதை யாம் பலமுறை கண்டிருக்கின்றோம். நாயனார் சுவாமிக்குரிய நெல்லைக் காத்தார், சுவாமி காட்சி கொடுத்தருளினார் என்று இரண்டு வாக்கியத்தில் முடித்துவிட்டு அடுத்த புராணத்துக்குச் சென்றுவிடுகின்றனர். தயக்கத்தின் காரணம் வெளிப்படை. அச்சரித்திரத்தின் முடிவிலே ஒரு குழந்தை வெட்டுண்டு இறக்கின்றது. முன்வாங்கில் இருக்கும் பிள்ளையொன்று எழுந்து, "ஐயா, அந்தக் குழந்தை என்ன பிழை செய்தது?" என்று வினவுமாயின் விடை கூறுதல் எளிதன்று.

வினவுகின்ற பிள்ளையை அடக்கிவிடுதல் நம்மனோர்க்கு அழகன்று. வினவப்படாதபடி விரைந்து படித்தல் அதனினும் அழகன்று. ஆதலால் அப்புராணத்தையே இன்று எடுத்துக்கொள்கின்றோம். அதனை விளக்குதற்கு வேண்டிய உதாரணத்தைத் தேடி நெடுந்தூரஞ் செல்லவேண்டுவதில்லை. திருக்கோணமலைத் துறைமுகத்தின் உட்புறத்திலே, புகையிரத நிலையமும் விமானத்தளமும் எண்ணெய்க் குதங்களும் உடையதாய் இருக்கும் சீனன்குடா என்னும் ஊருக்குச் சென்றாற் போதும். அங்கே 1942ஆம் ஆண்டு முதலாக நிகழ்ந்தவற்றை அறிந்தவர்க்குச் சேக்கிழார் சுவாமிகள் சொல்லியதன் பொருள் வேறொரு வெளிச்சத்திலே தோன்றும்.

முதலிற் சரித்திரத்தை நினைவுகூர்வோம். கோட்புலியார் சோழநாட்டு நாட்டியத்தான்குடியிலே வேளாளர் குலத்துதித்தவர். சோழ மன்னனுக்குச் சேனாபதி. அரசனிடத்துப் பெறும் ஊதியத்தாற் சிவாலயங்களின் திருவமுதுக்கு வேண்டிய நெல்லைக் கொண்டு மலைபோலக் குவித்து வைத்தலைத் தமக்குத் திருத்தொண்டாக மேற்கொண்டவர். அரசன் ஏவலாலே போர்முனைக்குப் போகவேண்டி வந்தபோது, தாம் திரும்பி வருங்காறும் வேண்டிய நெல்லைக் கூடுகட்டி வைத்து, சுற்றத்தார் ஒவ்வொருவரையும் தனித்தனியே அழைத்து, இந்நெல்லைத் தொடுதல் ஆகாதென்று திருவிரையாக்கலி என்னும் ஆணையிட்டுச் சென்றார். அவர் சென்றபின் நாட்டிலே பஞ்சம் வந்தது. உணவின்றி இறப்பதிலும் இந்நெல்லை உண்டு பிழைத்துப் பின்பு கொடுத்துவிடுவோம் என்று சுற்றத்தார் துணிந்தனர். கூட்டைக் குலைத்து உண்டனர். நாயனார் வெற்றியோடு மீண்டு வந்து செய்தியை அறிந்து, கோபத்தை உள்ளடக்கி, யாவரையும் வீட்டுக்கு அழைப்பித்து, வாயிலைக் காவல்செய்வித்து, தாய் தந்தையர் உள்ளிட்ட அனைவரையும் வாளுக்கு இரையாக்கினார். எஞ்சியது ஒரு பசுங்குழந்தை. இது நெல்லை உண்ணவில்லையே என்று காவலாள் வேண்ட, நெல்லை உண்டவளுடைய பாலை உண்டதென்று கூறி அதனையும் வெட்டினார்.

இதனை வன்றொண்டின் கதை என்று மட்டுங்கொண்டால் மேற்சொன்ன தயக்கமே மிஞ்சும். சேக்கிழார் எதனை விரித்தார், எதனைச் சுருக்கினார் என்று நோக்குக. போர்க்களத்தைப் பற்றி அவர் விரித்துரைத்தாரல்லர். யானைப்படை எத்துணை, பகைவன் யார், எவ்விடத்தே பொருதார் என்பன இங்கே இல்லை. புராணம் முழுவதும் ஊரிலே நிகழ்கின்றது. போருக்குப் போனவனுடைய களஞ்சியம், அதனைக் காக்க விடப்பட்டவர்கள், இடையிலே வந்த பஞ்சம், அவர்கள் தங்களுக்குத் தாங்களே சொல்லிக்கொண்ட சமாதானம் என்னும் இவையே அதன் உறுப்புக்கள். யுத்தகாலத்திலே ஊரில் இருப்போர் நிலையைச் சொல்லும் சரித்திரம் இது. இப்படிப் படித்த பின்பு சீனன்குடாவுக்கு வருவோம்.

சீனன்குடாவுக்கு அணித்தாகவே தம்பலகாமம் இருக்கின்றது. ஆதிகோணநாயகர் எழுந்தருளியிருக்கும் ஊர். கந்தளாய்க் குளத்து நீராலே விளையும் நெல்வயல்கள் சூழ்ந்தது. குளக்கோட்டு மன்னன் கந்தளாய்க் குளத்தைக் கட்டுவித்துக் கோணேசர் திருக்கோயிலுக்கு வயலும் ஊழியமும் வகுத்தான் என்பது கோணேசர் கல்வெட்டு முதலிய நூல்கள் போற்றும் ஐதிகம். சுவாமிக்கென்று நெல் அளந்து வைக்கும் மரபு அந்நிலத்துக்குப் புதியதன்று. அதே நிலத்தின் ஓரத்திலே, முதலாம் உலக மகாயுத்தத்துக்குப் பின்னர், ஆங்கிலேய கடற்படையார் வேறொரு களஞ்சியம் அமைத்தனர். நூறு என்னும் தொகைக்குச் சற்று மேற்பட்ட எண்ணெய்க் குதங்களைக் காட்டினிடையே வரிசை வரிசையாகக் கட்டினர். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 தொன் கொள்ளும். நெல் குவித்த நாட்டிலே கப்பலுக்கு உணவாகிய எண்ணெயைக் குவித்தனர். அயலில் விமானத்தளமும் எழுந்தது. கோணேசர் மலையோ பிரெட்ரிக் கோட்டையின் மதிலுக்கு உள்ளே இருந்தது. சுவாமியைத் தரிசிக்கப் போவோர் கோட்டை வாயிலைக் கடந்தே போகவேண்டியிருந்தது.

1942ஆம் ஆண்டு பிறந்தபோது யுத்தம் கிழக்கிலிருந்து நெருங்கிற்று. பெப்புருவரி 15இற் சிங்கப்பூர் வீழ்ந்தது. மார்ச்சு 8இல் இரங்கூன். மார்ச்சு 23இல் அந்தமான் தீவுகள். இலங்கையின் நிருவாகம் அட்மிரல் லேற்றன் என்னும் படைத்தலைவர் கையிற் கொடுக்கப்பட்டது. சிவில் பாதுகாப்பை ஒலிவர் குணதிலக நடத்தினார். ஏப்பிரில் 5ஆம் நாள், கிறித்தவர்களுடைய ஈஸ்ரர் ஞாயிறன்று, யப்பானியருடைய ஆகாயவிமானங்கள் கொழும்பைத் தாக்கின. நான்கு நாள் கழித்து, ஏப்பிரில் 9ஆம் நாள் காலையில், திருக்கோணமலைக்கு வந்தன. நமது புத்தாண்டுக்கு இன்னும் ஒரு வாரமும் இல்லை. முன்னறிவிப்புக் கிடைத்திருந்தமையாற் பெருங்கப்பல்கள் பல துறைமுகத்தைவிட்டு வெளியேறியிருந்தன. துறைமுகமும் சீனன்குடா விமானத்தளமும் குண்டுபட்டன; சாகைங் என்னும் வாணிகக் கப்பல் தீப்பற்றியது. வெளியேறிய கப்பல்களுள்ளும் ஹேர்மிஸ் என்னும் விமானந்தாங்கி அன்றே மட்டக்களப்புக் கடலில் மூழ்கியது; அதனோடு முந்நூற்றுக்கு மேற்பட்ட மாலுமிகள் மாண்டனர். யப்பானிய விமானமொன்று எண்ணெய்க் குதமொன்றின்மேல் வீழ்ந்து வெடித்ததென்றும், அத்தீ நாட்பல எரிந்ததென்றும் அவ்வூரார் சொல்லி வருகின்றனர். சிதைந்த அக்குதத்தின் எச்சத்தை இன்றுங் காணலாம்.

குண்டு விழுந்தவுடன் தொழிலாளரும் குடும்பங்களும் மூட்டைமுடிச்சுக்களோடு உட்கிராமங்களை நோக்கி ஓடினர். இதற்காக அவர்களைக் கோழைகள் என்று எழுதிய ஆங்கிலக் குறிப்புக்களை யாம் மதிப்பதில்லை. கூலிக்கு வந்தவன் எந்த அரசனுக்கும் ஆணையிட்டுக் கொடுத்தவனல்லன். தன் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஓடுதல் அவனுக்குக் கடமை. ஓடியவருள்ளும் பலர் பின்னர்த் திரும்பி வந்தனர். பிள்ளைகளுக்குச் சோறு வேண்டுமே.

விமானம் வந்த கதையைச் சொல்லாதவர் அங்கில்லை. சொல்லப்படாது கிடப்பது சோற்றின் கதை. அக்காலத்தில் இலங்கையார் உண்ட அரிசியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கடல்கடந்து வந்தது. அதிலும் பெரும்பகுதி பர்மாவினின்று வந்தது. ஆகவே மார்ச்சு 8இல் இரங்கூன் வீழ்ந்த செய்தியைக் கேட்டவர், அன்றே தம் வீட்டு அடுப்பிற் கை வைத்துப் பார்த்திருக்கவேண்டும். ஒரு மாதத்தின்பின் வந்த குண்டு ஒரு காலைப்பொழுதோடு போயிற்று. அரிசி இல்லாமை பல ஆண்டு இருந்தது. தேயிலையும் இறப்பரும் நட்டு, அவற்றை விற்ற பணத்தாற் பிறநாட்டு நெல்லை உண்டுவந்த நாட்டுக்கு, தன் களஞ்சியம் தன் கையில் இல்லையென்பது அப்பொழுதுதான் தெரிந்தது.

அரசாங்கம் பங்கீட்டு முறையைக் கொண்டுவந்தது. தலைக்கு இத்தனை என்று அளவு குறித்த கூப்பன் புத்தகம் ஒவ்வொருவர்க்கும் வழங்கப்பட்டது. கூட்டுறவுப் பண்டகசாலைகள் சில ஆண்டுக்குள் ஆயிரக்கணக்கில் எழுந்தன. சங்கக்கடை என்னும் சொல் நம் பேச்சில் வேரூன்றியது அப்பொழுதே. அரிசிக்குறையை நிரப்பக் கோதுமை மா வந்தது. ஆங்கிலேயர் உணவென்றும் நோயாளி உணவென்றும் கருதப்பட்ட பாண் ஏழைவீட்டுக் காலையுணவாயிற்று. சோறு வடித்த கை ரொட்டி தட்டப் பழகிற்று. மரவள்ளியும் குரக்கனும் முற்றத்துக்கு வந்தன. நெல் விளைவித்தோர் தம் விளைவில் ஒரு பகுதியை நிர்ணயித்த விலைக்கு அரசாங்கத்துக்கு அளக்கவேண்டுமென்ற விதியும் உண்டாயிற்று. கடற்கரைப் பட்டினங்களில் இருட்டடிப்பு. தீவர்த்தியும் வாணவேடிக்கையுமாய் நிகழும் இரவுத் திருவிழாவுக்கு அவ்விதி இடங்கொடாது. கொழும்பு றோயல் கல்லூரி போன்ற பெரிய வித்தியாசாலைகளின் கட்டடங்களும் படைத்தேவைக்கு எடுத்துக்கொள்ளப்பட்டன. மாணாக்கர் வேறிடங்களில் இருந்து படித்தனர்.

இவற்றுள் ஆசிரியர்கள் சிறப்பாக நினைக்கவேண்டியது சங்கக்கடை வரிசையை. 1930ஆம் ஆண்டை அடுத்து யாழ்ப்பாணத்துப் பாடசாலைகளிலே சமாசனம் வேண்டுமா, ஒரே வாங்கில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் இருக்கலாமா என்று எத்துணை வழக்கு நடந்ததென்பதை நம் சமூகத்தார் அறிவர். சிவதீட்சை பெற்றவர்களும், தேவாரம் ஓதுபவர்களும் அவ்வழக்கிலே பிழையான பக்கத்தில் நின்றனர். பத்து ஆண்டு பிரசங்கஞ் செய்தும் இளகாத அவ்விறுக்கத்தைக் கூப்பன் புத்தகம் ஓரளவு இளக்கிற்று. வயதையும் உடலுழைப்பையும் நோக்கி அளவு வேறுபட்டதேயன்றிச் சாதியையும் செல்வத்தையும் நோக்கி வேறுபடவில்லை. வயலுடையானும் வயலில் உழைத்தவனும் ஒரே கடையில், ஒரே கொத்தினால் அளந்து வாங்கினர். பல கிராமங்களிலே அக்கடையின் கணக்கை எழுதியவர் பள்ளிக்கூடத்து ஆசிரியரே. அவர் கையிற்றான் ஊரார் நெற்கூட்டின் திறப்பு இருந்தது.

திறப்பு உள்ள இடத்திலே சோதனையும் உண்டு. கள்ளச்சந்தை என்னும் சொல்லும் அந்நாளிலேயே எல்லார்க்கும் பழக்கமாயிற்று. இறந்தவருடைய கூப்பனை மறைத்து வைத்தோரும், ஊர்மாறிப் போனவருடைய பெயரிலே அரிசி வாங்கினோரும் இலராகவில்லை. அவர்களைக் கேட்டால், "பிள்ளைகள் பசித்தன, பின்பு சரிசெய்துவிடுவோம்" என்பர். கோட்புலியாருடைய சுற்றத்தார் கூறிய அதே சமாதானம். எண்ணூறாண்டுக்கு முன் சேக்கிழார் எழுதியதை ஒரு சங்கக்கடை முகாமையாளர் ஒருகால் வாசித்திருப்பின், தம் கணக்குப் புத்தகத்தை ஒருமுறை திறந்து பார்த்திருப்பார்.

துறைமுகத்தாருக்கு வேறு விதமான சோதனை. விமானத்தளத்திலும் கடற்படைத் துறையிலும் கூலிவேலை பெருகிற்று. வயலிலே போரடித்தபின் நெல்லாகக் கூலி பெற்றவன் வாரந்தோறும் காசாகப் பெற்றான். காசு கையிலே நிரம்பிற்று. ஆனால் 1939க்கும் 1945க்கும் இடையே வாழ்க்கைச் செலவு ஏறத்தாழ இருமடங்காயிற்று. மாதச் சம்பளத்தார் நிலை இன்னும் இடர். யுத்தப்படி என்று கொடுக்கப்பட்டது விலையின் பின்னே மூச்சிரைக்க ஓடிற்று. சாராயக் கடைகளும் சூதாட்டமும் படைமுகாம் உள்ள ஊர்தோறும் நிகழ்வனபோல இங்கும் நிகழ்ந்தன. அவற்றை விரித்துரைத்து இவ்விதழின் பக்கங்களை நிரப்ப யாம் விரும்பவில்லை.

இவ்விடத்திலே திருவீழிமிழலையை நினையாதிருத்தல் கூடாது. அங்கும் மழையின்றிப் பஞ்சம் வந்தது. திருஞானசம்பந்த சுவாமிகளுக்குக் கீழ்ப்பீடத்திலும் திருநாவுக்கரசு சுவாமிகளுக்கு மேற்பீடத்திலும் நாடோறும் ஒவ்வொரு படிக்காசு சுவாமி வைத்தருளினார். இருவர் திருமடத்திலும் பறை அறைந்து அடியாரை அழைத்து அமுதளித்தனர். ஆனாற் சம்பந்தருடைய மடத்திலே சோறு ஆகத் தாமதமாயிற்று. காரணம் கேட்டபோது, தேவரீர் பெற்ற காசுக்குக் கடையில் வாசி கேட்கின்றனர், அப்பர் சுவாமிகள் பெற்ற காசை வாசியின்றி வாங்குகின்றனர் என்றனர். அப்பர் உழவாரங் கொண்டு கைத்தொண்டு செய்பவர். அவர் பெறுங் காசு வாசியில்லாக் காசு என்று பிள்ளையார் திருவுளங் கொண்டு, வாசி தீரும்படி பதிகம் பாடியருளினார்.

இதனைப் பொருளாதாரப் பாடமாகக் கற்பிக்கலாகாதென்று சிலர் சொல்லக்கூடும். கற்பிக்கலாம் என்பது எம் கருத்து. காசு பெருகியும் கடையிற் பண்டம் இல்லையானால் அக்காசுக்கு வாசி விழும் என்பதை, 1943இலே சீனன்குடாவிலிருந்து கூலிப்பணத்தோடு கடைத்தெருவுக்குப் போன தொழிலாளி புத்தகமின்றியே அறிந்தான். திருவீழிமிழலை வரலாறு அதனோடு இன்னொன்றையுங் காட்டுகின்றது. பஞ்சத்திலே இரண்டு பெரியோரும் முதற் செய்தது பறை அறைவித்தல். தம்மிடத்து உணவு உண்டு என்பதை ஊரறியச் செய்தனர். கோட்புலியார் சுற்றத்தாரோ கூட்டைத் தமக்குள்ளேயே குலைத்தனர். நாடு முழுதும் பசித்திருக்க, கூட்டுக்கு அணுகியிருந்தவர் தாம் என்னும் ஒரே காரணத்தால் தாம் உண்டனர். ஊரிலுள்ள மற்றைப் பசித்தோரை அழைத்து உண்பித்தார்கள் என்று சேக்கிழார் ஓரிடத்துஞ் சொன்னாரில்லை. பசித்தவன் உண்டது குற்றமா என்று பிள்ளைகள் கேட்பாராயின், ஆசிரியர் இங்கிருந்து விடையைத் தொடங்கலாம்.

பசித்தவனுக்கு இடுதலைச் சைவம் ஒருநாளும் குற்றமென்றதில்லை. இளையான்குடி மாறநாயனார் விதைத்த நெல்முளையையே நள்ளிரவு மழையில் வாரிக்கொண்டுவந்து விருந்துக்கு அமுதாக்கினார். விதைநெல்லை உண்ணலாகாதென்னும் உழவர் நீதியை அவர் அறியாதவரா? தமக்காக அன்று, வந்தவருக்காக வாரினார் என்பதே அங்கே உள்ள வேற்றுமை. 1877ஆம் ஆண்டை ஒட்டி யாழ்ப்பாணத்திலே பஞ்சமும் பேதிநோயும் பரவியபோது நாவலர் பெருமான் கஞ்சித்தொட்டித் தருமம் நடத்தினார். நூல் அச்சிட்டும் பிரசங்கஞ் செய்தும் வந்த அவர், அந்நாளிலே வீடுவீடாகப் பிச்சையேற்றும் கஞ்சி வார்ப்பித்தார். சைவத்தைக் காத்தவர் என்று நாவலரைப் போற்றுவோர் இக்கஞ்சித்தொட்டியை ஓரமாக ஒதுக்கிவிடுதலை யாம் ஒப்புவதில்லை.

களஞ்சியத்துக்கு அணுகியோரே உண்டால் என்னாகும் என்பதற்கு 1943ஆம் ஆண்டு வங்காளமே சாட்சி. அங்கும் பர்மா அரிசி நின்றது. யுத்தத் தொழில் நடந்த கல்கத்தாவின் தொழிலாளருக்கு அரிசி முதலில் உறுதிசெய்யப்பட்டது, விலை ஏறிற்று, கிராமத்துக் கூலியாளும் மீன்பிடிப்போனும் வாங்க வழியின்றி இறந்தனர். இருபது இலட்சம் என்றும் முப்பது இலட்சம் என்றும் இறந்தோர் தொகையைக் கணிப்பர். வங்காளத்தினும் இலங்கை பிறநாட்டு அரிசியை மிகுதியாக நம்பியிருந்த தேசம். ஆயினும் இங்கே அத்தகைய மரணம் நிகழவில்லை. நாட்டின் சிறுமையும், துறைமுகங்களின் வசதியும், ஆங்கிலேயருக்கு இத்தீவு யுத்தத்துக்கு இன்றியமையாததாய் இருந்தமையும் அதற்குக் காரணங்களே. அவற்றோடு, பட்டினத்துக்கும் கிராமத்துக்கும் பொதுவாக எல்லார்க்கும் பங்கிட்ட முறையும் ஒரு காரணம். அந்நியன் நடத்திய ஆட்சியாயினும் அதிலே தருமத்தின் கூறு இருந்ததைச் சொல்லுதற்கு யாம் கூசவில்லை.

இனிக் குழந்தையைப் பற்றி. அது நெல்லை உண்ணவில்லை. உண்டவளுடைய பாலை உண்டது. இதனைக் கேட்டு மனம் நடுங்காத பிள்ளை இராது, நடுங்கவேண்டியதே. அந்நடுக்கத்தை ஆசிரியர் உரைநயங்களால் மூடிவிடலாகாது. சேக்கிழார் நினைத்திருந்தால் அக்குழந்தையை விட்டுவிட்டே புராணத்தை முடித்திருக்கலாம், அவர் விடவில்லை. பெரியோர் உண்டதன் பயன் சிறியோர் உடம்பிலே சேர்கின்றது. யுத்தகாலத்தில் இஃது எங்கும் நிகழ்வது. 1942இல் குண்டுக்கு அஞ்சி ஓடிய தாயின் இடுப்பில் இருந்த குழந்தை யப்பானுக்கோ ஆங்கிலேயருக்கோ பகையன்று. வங்காளத்தில் வற்றிய மார்பைச் சப்பி இறந்த குழந்தை அரிசி விலையை அறியாது. 1983க்கும் 2009க்கும் இடைப்பட்ட உள்நாட்டு யுத்தத்திலே திருக்கோணமலை மாவட்டத்து ஊர்கள் மீண்டும் மீண்டும் இடம்பெயர்ந்தபோது, நிவாரண அரிசிக்காக வரிசையில் நின்ற தாய்மாரின் தோளில் இருந்த குழந்தைகளும் அத்தகையனவே.

சுவாமி திருவாய்மலர்ந்தருளியது எதனை என்று கவனிக்க. நாயனாரை அழைத்துக்கொள்ளு முன்னர், அவருடைய வாளாற் பாசம் அறுபட்ட சுற்றத்தார் மேலுலகம் புகுவர் என்று அவர்களைப் பற்றியே முதலில் அருளிச்செய்கின்றார். அதன் பின்னரே நாயனாரைத் தம்மோடு வருகவென்கின்றார். வெட்டுண்டவர்களைச் சுவாமி கைவிடவில்லை. குழந்தையும் அவர்களுள் ஒன்று. நாயனாருடைய வாளை ஒருவர் தம் வாளாக எடுத்துக்கொள்ளுதற்கு இப்புராணம் இடங்கொடுப்பதாக யாம் கொள்ளவில்லை. அன்பின் முதிர்ச்சியால் நிகழ்ந்த வன்றொண்டுகள் அடியார் ஒருவர்க்கே உரியன, பிறர் பின்பற்றற்குரியன அல்ல என்பது நம் பெரியோர் உடன்பாடு. நாம் எடுத்துக்கொள்ளக்கூடியது திருவிரையாக்கலியை, அதாவது பிறருக்கென்று வைத்ததைத் தொடமாட்டேம் என்னும் ஆணையை.

யுத்தம் 1945இலே முடிந்தது. அது கொண்டுவந்தவை உடனே போய்விடவில்லை. சில நன்மைகளும் நின்றன. யுத்தம் நடந்துகொண்டிருக்கவே கன்னங்கரா தலைமையிலான குழு 1943இலே கல்வி அறிக்கையை வெளியிட்டது; 1945 ஒற்றோபரிலே இலவசக் கல்வி தொடங்கிற்று. படையினரைக் காக்க உதவிய டீ.டீ.டி. மருந்து பின்னர் நாடெங்கும் தெளிக்கப்பட்டது. 1946இல் ஆயிரவர்க்கு இருபதின்மருக்கு மேலாயிருந்த மரணத்தொகை 1947இற் பதினால்வரளவுக்குக் குறைந்தது. மலேரியாவாலே வெறிச்சோடிய கந்தளாய்ப் புறத்துக் காடுகள் குடியேற்றத்துக்குத் திறந்ததும் இதனாலேயே. அக்குடியேற்றம் பின்னர் விளைத்த பிணக்குகள் வேறொரு நீண்ட கதை.

கூப்பன் அரிசியோ யுத்தம் முடிந்தபின்னும் முப்பது ஆண்டுக்கு மேல் நின்றது. 1953இலே ஒரு கொத்து அரிசியின் விலை 25 சதத்திலிருந்து 70 சதத்துக்கு உயர்த்தப்பட்டபோது, ஓகஸ்ட் 12ஆம் நாள் நாடெங்கும் ஹர்த்தால் நிகழ்ந்தது. பிரதமர் டட்லி சேனாநாயக்க பதவி விலகினார். 1979இலேதான் உணவு முத்திரை முறை வந்து கூப்பன் புத்தகத்தை அகற்றியது. கோதுமை மாவோ அகலவே இல்லை. யுத்தத்தாற் பாணுக்குப் பழகிய நாட்டுக்கு மா அரைக்கும் பேராலை ஒன்று வேண்டியதாயிற்று. அது 1980ஆம் ஆண்டை ஒட்டி எழுந்த இடம் அதே சீனன்குடா. பிரீமா ஆலையின் உயர்ந்த கோபுரங்களைத் துறைமுகத்தின் எப்பக்கத்திலிருந்தும் காணலாம். தம்பலகாமத்து வயலைப் பார்த்துக்கொண்டே கடல்கடந்து வந்த கோதுமை அங்கே அரைபடுகின்றது.

ஆங்கிலேயர் 1957இலே கடற்படைத் தளத்தைக் கையளித்துச் சென்றனர். இன்று குதங்கள் 99 நிற்கின்றன. நெடுங்காலம் பெரும்பாலானவை வெறுமையாய், கொடி படர்ந்து கிடந்தன. 2022 சனவரியிலே அவற்றைப் பங்கிட்டு இலங்கை அரசாங்கமும் இந்திய நிறுவனமும் உடன்படிக்கை செய்தன. 24 குதங்கள் இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கும், 14 இந்திய நிறுவனத்துக்கும், 61 இரண்டும் சேர்ந்த கம்பனிக்கும் என்று வகுக்கப்பட்டது. அவ்வாண்டிலேயே நாடெங்கும் பெற்றோலுக்கு நெடுவரிசை நின்றது. வாரத்துக்கு இத்தனை இலீற்றர் என்று அளவு குறித்துக் கைத்தொலைபேசியிற் காட்டும் அனுமதி வழங்கப்பட்டது. 1942இன் கூப்பனை அறிந்த முதியோர் அவ்வரிசையைக் கண்டு வியப்படையவில்லை.

கிழக்கு மாகாணத்து ஆசிரியர்களுக்கு ஒரு விண்ணப்பம். எட்டாம் வகுப்புக்கு மேற்பட்ட மாணாக்கருக்குக் கோட்புலி நாயனார் புராணத்தை ஒரு பாடவேளை முழுவதும் எடுத்துக் கற்பித்துப் பாருங்கள். அதற்கு முதல்நாள், வீட்டிலுள்ள பாட்டன் பாட்டிமாரிடம் சங்கக்கடை வரிசையைப் பற்றியும், கூப்பன் புத்தகத்தைப் பற்றியும், நிவாரணக் காலத்தைப் பற்றியும் கேட்டெழுதி வரச் சொல்லுங்கள். பழைய கூப்பன் புத்தகம் எவர் வீட்டுப் பெட்டியிலேனும் இருப்பின் அதனை வகுப்பிலே சுற்றிக் காட்டுங்கள். புராணத்தைப் படிக்கும்போது குழந்தை வரும் இடத்தை விட்டுவிடாதீர்கள். பிள்ளைகள் கேட்ட வினாக்களையும், அவற்றுக்கு நீங்கள் கூறிய விடைகளையும் எழுதியனுப்புவீர்களாயின், பெயர் குறியாது, வந்தபடியே வரும் இதழ்களில் வெளியிடுவோம்.